கை மாறிப் போன தெர்மாமீட்டர்

“வீட்டுக்குப் போகலாம்மா. காலையில ஒரு வாட்டி, சாயந்தரம் ஒரு வாட்டி காய்ச்சல் பாருங்க. டியூப்புல எவ்வளவு வடியுதுன்னு எழுதி வைங்க. புண்ணைப் படம் எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்புங்க. நாங்க இங்கேருந்தே பாத்துக்குறோம்.”

மார்பில் புற்று என்று என் சின்னம்மாவின் இடது மார்பை முழுசாக எடுத்துவிட்டு, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது சொன்ன வார்த்தைகள் இவை. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. சொன்ன நர்சுப் பெண்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அந்தப் பொண்ணு சிரித்த முகமாகத்தான் சொல்லிச்சு. ஒரு தெர்மாமீட்டர், விரல் நுனியைக் கவ்விக்கொள்ளும் ஆக்சிமீட்டர், கோடு போட்ட பிளாஸ்டிக் கப்பு, கேள்விகள் அச்சடித்த தாள் ஒன்று. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்துச்சு. ரத்தமும் நீரும் வடிகிற குழாய் விலாவில் தொங்க, அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு சின்னம்மா கீழ்வேளூர் ஸ்டேஷனில் வந்து இறங்கிச்சு. தை மாதம். அறுப்பு நேரம்.

இதற்குத்தான் இன்று தொலைக் கண்காணிப்பு என்று பெயர். புற்றுநோய் அறுவை முடிந்தவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெடுநாள் வைத்திராமல், வீட்டில் இருக்கவிட்டு, உடம்புச் சூடு, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, வலி எல்லாவற்றையும் கருவி வழியாகவும் போன் வழியாகவும் தெரிந்துகொள்வது. கெடுதல் தெரிந்தால் உடனே கூப்பிடுவது. தூரம் ஒழிந்துவிட்டது என்று இதைக் கொண்டாடுகிறார்கள். டாக்டர் எங்கே இருக்கிறார், நோயாளி எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் இனி ஒரு பொருட்டே இல்லையாம்.

தூரம் ஒழிந்ததா இல்லையா என்று நம்மை அல்லவா கேட்டிருக்க வேண்டும்? யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று அளந்து அளந்து வளர்க்கப்பட்ட சனம் நாம்.

*

1929 டிசம்பர் 12ஆம் தேதி ‘யங் இந்தியா’ இதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர் கத்தியவாரில் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர், தீண்டப்படாத சாதிக்காரர். அந்தக் கடிதத்தை அண்ணல் அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தம் நினைவுக் குறிப்பில் எடுத்து வைத்தார். அந்தக் குறிப்பு 1990இல்தான் சிறு நூலாக வெளிவந்தது. நம்மில் பலர் படித்திருப்போம். இன்னொரு முறை படிக்கவேண்டும்.

ஆசிரியரின் மனைவிக்குக் குழந்தை பிறந்த இரண்டு நாளில் உடம்பு முடியாமல் போகிறது. மூச்சு இழுக்கிறது. டாக்டரைக் கூப்பிடுகிறார். உங்கள் தெருவுக்கு வரமாட்டேன் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரிய மனிதரிடம் போய்க் கெஞ்சி, அவர் இரண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு, டாக்டர் ஒரு நிபந்தனையோடு வருகிறார். தெருவுக்கு வெளியே கொண்டுவந்து காட்டினால் பார்ப்பார். பச்சை உடம்புக்காரியைப் பிள்ளையோடு வெளியே கொண்டு வருகிறார்கள். டாக்டர் தன் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் அதைக் கணவனிடம் கொடுக்கிறார். கணவன் மனைவிக்கு வைத்துப் பார்த்துவிட்டு, வந்த வழியே திருப்பித் தருகிறார். இரவு எட்டு மணி. விளக்கு வெளிச்சத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லி டாக்டர் போய்விடுகிறார். மருந்து அனுப்புகிறார். பிறகு ஒரு முறைகூட வந்து பார்க்கச் சம்மதிக்கவில்லை. அந்தப் பெண் செத்துப்போனாள்.

தோழர்களே, தொலைமருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் விண்வெளி வீரர்களின் நாடித் துடிப்பைப் பூமியிலிருந்தபடியே பார்த்த கதையைச் சொல்வார்கள். நாம் கத்தியவாரிலிருந்து தொடங்குவோம். அங்கே கருவி இருந்தது. அளவு எடுத்தார்கள். எடுத்த அளவு பிசகாமல் டாக்டரின் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. நோய்க்குப் பெயரும் சொல்லியாயிற்று, மருந்தும் வந்தாயிற்று. டாக்டர் தொடவில்லை, திரும்ப வரவில்லை. அவ்வளவுதான் குறை. அந்தக் குறைக்கு ஒரு உயிர் போனது.

“அது தீண்டாமை, இது தொழில்நுட்பம். ரெண்டையும் ஏன்யா முடிச்சுப் போடுற?” என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைய நர்சுப் பெண் மனதில் தீண்டாமை இருந்தது என்று நான் சொல்லவில்லை. மனதை விடுங்கள். ஏற்பாட்டைப் பாருங்கள். உடம்பின் எண் ஒரு பக்கமாகப் பயணம் போகிறது, டாக்டரின் கை மறுபக்கத்திலிருந்து வருவதில்லை. இந்த ஏற்பாடு யாருக்குக் கொல்லும், யாருக்குக் கொல்லாது? டவுனில் காரும் டிரைவரும் வைத்திருப்பவருக்கு எண் கெட்டால் அரை மணியில் ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டில் டாக்டர் உறவு. அவருக்குத் தொலைக் கண்காணிப்பு ஒரு கூடுதல் வசதி. நமக்கு அது மட்டுமே வைத்தியம் என்று ஆகும்போது, தெர்மாமீட்டர் மறுபடியும் கை மாறத் தொடங்குகிறது.

*

வீட்டிலிருந்தே, வீட்டிலிருந்தே என்கிறார்கள். எந்த வீடு?

கீழ்வேளூர் வட்டத்தில்தான் வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரை, பெண்களும் பிள்ளைகளுமாக, ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடக் கேட்டதுக்கும், செங்கொடி பிடித்ததுக்கும். கீழத்தஞ்சையில் அன்று பண்ணையில் வேலை செய்த குடும்பங்களில் பலருக்கும் குடிசை நின்ற மண்கூடச் சொந்தமில்லை. மனைக்கட்டைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. அதற்கு முன்னால், ஆண்டை ‘பிரிச்சுக்கிட்டுப் போடா’ என்றால் கீற்றையும் கழியையும் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். வீடு என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் இந்த வரலாறு இருக்கிறது.

சின்னம்மாவின் வீடு தொகுப்பு வீடு. ஒரே அறை. தளம் ஒழுகும். அந்த அறையில் ஐந்து பேர் படுக்கிறோம். குழாயைத் திறந்து கப்பில் ஊற்றி அளக்கவேண்டும் என்றால் ஆம்பளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தவேண்டும். அளந்து எழுத மருமகள் அறுப்பு வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அறுவைக்குப் பணம் கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் இழக்கும் கூலியை எந்த அட்டையும் கட்டாது. ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டில் காலியாகிறது. அந்தக் கட்டிலைச் சுற்றி நடந்த வேலை எல்லாம், சம்பளமில்லாமல், ஒரு வீட்டுப் பெண்ணின் தலையில் வந்து இறங்குகிறது. சிக்கனம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை எந்தப் பத்தியில் எழுதுகிறார்கள்?

கரண்ட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் வைத்தவனிடம் காசு கொடுத்து வரிசையில் நின்றோம். அந்த நாளில் ஒருத்தி மார்பை அறுத்துக்கொண்டு வந்திருந்தால் அவளை யார் கண்காணித்திருப்பார்கள்?

போன் யாருடையது என்பது அடுத்த கேள்வி. வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் சின்னம்மா மகனுடையது. அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அம்மாவை வீட்டில் விட்ட மறுநாள் ராத்திரியே கிளம்பிவிட்டான். அவனோடு போனும் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பையனிடம் நல்ல கேமரா போன் இருந்தது. சின்னம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“மாரு இல்லாத எடத்த அந்தப் பய போன்ல வச்சுக்கிட்டு ஊரெல்லாம் திரியணுமா?”

இந்தக் கேள்விக்கு அச்சடித்த தாளில் பதில் இல்லை. படம் யாருக்குப் போகும், எத்தனை பேர் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று யாரும் சின்னம்மாவிடம் சொல்லவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. சின்னம்மாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஆனால் அந்தச் சட்டம் காக்கவேண்டியது எதுவோ, அது அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மூன்று நாள் படம் போகவில்லை. நாலாம் நாள் நான் ஊருக்கு வந்தேன். நான்தான் எடுத்தேன். சின்னம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டிச்சு. தாளில் இருந்த கேள்விகளுக்கும் நானே பதில் போட்டேன். படித்தவன் அல்லவா? காய்ச்சல், 100. வலி, பத்துக்கு ஐந்து. புண்ணைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா?

பார்த்தேன். சிவக்கவில்லை. இல்லை என்று எழுதினேன்.

*

அந்த ‘இல்லை’யை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். கறுத்த தோலில் புண் அழலும்போது சிவப்பு எளிதில் தெரியாது என்பது எனக்கு அன்று தெரியாது. கன்றிக் கருத்துப் போகும். மினுமினுக்கும். தொட்டால்தான் சூடு தெரியும். ‘சிவந்திருக்கிறதா’ என்ற கேள்வி ஒரு வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதை அப்படியே தமிழில் பெயர்த்து அச்சடித்து நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். நம் தோலைப் பார்த்து ஒரு கேள்வி தயார் செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

கேள்வித்தாள் மட்டும்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது தோல் வழியாக ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜனைக் கணிக்கிறது. அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வு, கருவி நல்ல எண்ணைக் காட்டும்போதே உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்திருந்த நிலை வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் இருந்ததைக் காட்டியது. கொரோனாக் காலத்தில் உலகமே அந்தக் கருவியை நம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. இது சம்பந்தமான சந்தேகம் 1990இலேயே மருத்துவ ஏடுகளில் எழுதப்பட்டிருந்தும் முப்பது வருஷம் கருவி அப்படியே விற்றது. கருவிக்குச் சாதியும் நிறமும் இல்லை என்று சொல்லும்போது, யார் விரலை வைத்து அதைச் சரிபார்த்தார்கள் என்றும் கேளுங்கள்.

ஆறாம் நாள் காய்ச்சல் 101க்கு மேலே போச்சு. எண்ணை அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்து நீலமாக மாறியது. யாரோ பார்த்துவிட்டார்கள். பதில் மறுநாள் மத்தியானம்தான் வந்தது: பாராசிட்டமால் கொடுங்கள், சிவப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், பயப்பட வேண்டாம்.

என் ‘இல்லை’ சென்னை போகிற ரயிலைவிட வேகமாகப் போய், எனக்கே ஆறுதலாகத் திரும்பி வந்திருந்தது.

அன்று சாயந்தரம் அடுத்த வீட்டுப் பிள்ளைத்தாச்சியைப் பார்க்க எங்கள் பகுதி நர்சம்மா வந்துச்சு. மருமகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துச்சு. நர்சம்மா ஒன்றும் அளக்கவில்லை. புறங்கையைச் சின்னம்மாவின் மார்பில் வைத்துச்சு.

“அய்யய்யோ, அடுப்பாட்டம் கொதிக்குதே. எத்தன நாளா இப்புடி?”

லேசாக அழுத்தினதும் தையல் ஓரத்தில் சீழ் வந்தது. 108க்குப் போன் போட்டதும் நர்சம்மாதான். அரசு ஆஸ்பத்திரியில் அந்த ராத்திரியே புண்ணைத் திறந்து சுத்தம் செய்தார்கள். சின்னம்மா பிழைத்துக்கொண்டிச்சு. ஒரு புறங்கை, அரை நிமிஷம். ஏழு நாளாக நாங்கள் எழுதி அனுப்பியதில் இல்லாத செய்தி அதில் இருந்தது.

*

இனி என் சொந்த முகாமில் இருக்கும் நண்பர்களிடம் சண்டை. பூக்கோவைக் கரைத்துக் குடித்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு, “பார்த்தாயா, கண்காணிப்பு என்பதே அதிகாரம். உடலை எண்ணாக்கி ஆளும் தந்திரம். அந்தப் பையைத் தூக்கி எறி” என்கிறார்கள். கண்காணிப்பு பற்றி நமக்கு யாரும் வகுப்பு எடுக்கவேண்டியதில்லை. கீழத்தஞ்சையில் காரியக்காரன் கண் படாமல் ஒரு நாத்து நட்டதில்லை நம் பாட்டிகள். அந்தக் கண்ணுக்குப் பின்னால் சாணிப்பாலும் சவுக்கும் இருந்தன.

ஆனால் அந்தக் கண் எதைப் பார்த்தது? நாத்து முடிச்சு எத்தனை என்று எண்ணியது. குனிந்தவள் நிமிர்ந்தாளா என்று பார்த்தது. அவள் மார்பில் கட்டி வளர்ந்ததைப் பார்க்கவில்லை. கர்ப்பப்பையில் ரத்தம் பட்டதைப் பார்க்கவில்லை. பசி தெரியாமல் இருக்க அடக்கிய பொயலை கன்னத்தில் புண்ணாகிப் புரையோடியதைப் பார்க்கவில்லை. உழைக்கும்போது நம் உடம்பு இரவும் பகலும் கண்காணிக்கப்பட்டது. நோகும்போது அநாதையாக விடப்பட்டது. ‘கண்காணிக்காதே’ என்ற முழக்கம், ஏற்கெனவே அக்கறையாகக் கவனிக்கப்பட்டவர்களுக்குப் பொருந்தும். நோயில் ஒரு தடவைகூடக் கவனிக்கப்படாதவர்கள் அதைச் சொன்னால் தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்வதாகும். எனக்கு அந்தப் பை வேண்டும். அந்தப் பையோடு ஆளும் வேண்டும்.

ஆள் இருந்தால் இந்த முறை வேலை செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கனடாவில் எட்டு ஆஸ்பத்திரிகளில், அறுவை முடிந்து வீடு திரும்பிய 905 பேரிடம் நடத்திய சோதனை 2021இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்குக் கருவிகள் கொடுத்து, முதல் 15 நாள் தினமும், பிறகு 30ஆம் நாள் வரை ஒன்றுவிட்ட நாளும், ஒரு நர்ஸ் திரையில் முகம் பார்த்துப் பேசினார். உயிரோடு வீட்டில் கழித்த நாட்களின் எண்ணிக்கையில் இரு பாதிக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் மருந்து தவறிப்போனதைக் கண்டுபிடித்தது, கண்காணிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 30 பேரிடம். மற்றவர்களில் நூற்றுக்கு 5, 6 பேரிடம்தான். வலியும் குறைந்தது. நியூயார்க்கில் புற்றுநோய் முற்றி மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் 766 பேரிடம் நடத்திய இன்னொரு சோதனையின் முடிவு 2017இல் வந்தது. தங்கள் உபாதைகளைக் கணினி வழியே தெரிவித்து, அதை நர்சுகள் கவனித்துவந்தவர்கள், மற்றவர்களைவிட இடைநிலைக் கணக்கில் ஐந்து மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். இரண்டிலும் மறுமுனையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் நர்ஸ் இருந்தார். நம்மிடம் இறக்குமதி ஆகும்போது கருவி மட்டும் கப்பலேறி வருகிறது. நர்ஸ் அங்கேயே நின்றுவிடுகிறார்.

நம் நாட்டில் ஆள் அனுப்ப முடியாதா? பக்கத்துக் கேரளத்தில் 2008இலேயே வலித்தணிப்புச் சிகிச்சைக்கு அரசு கொள்கை வகுத்து, நர்ஸை வீட்டுக்கே அனுப்பினார்கள். நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. இயன்முறை சிகிச்சையும் வலித்தணிப்பும் வருகின்றன. வந்து தட்டாத கதவுகளை அது தட்டியிருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் அந்த மாத்திரையைச் சுமந்து வரும் பெண்ணுக்குத் தன்னார்வலர் என்று பெயர் வைத்தார்கள். ஊழியர் என்று வைத்திருந்தால் சம்பளம் கொடுக்கவேண்டும். சேரியிலிருந்தும் சிற்றூரிலிருந்தும் வந்த அந்தப் பெண்களின் நடையிலும் வெயிலிலும் ஒரு திட்டம் நிற்கிறது. சேவை என்ற பெயரில் நம் பெண்களிடம் வேலை வாங்குவது வெட்டி முறையின் புது உருவம் இல்லையா?

ஆகவே நாம் கேட்பது இது. புற்று அறுவை முடிந்து ஊர் திரும்பும் ஒவ்வொருவரின் பெயரும், அவர் வீடு வந்து சேரும் முன்பே, அவர் பகுதி நர்சுக்குப் போய்ச் சேரவேண்டும். முதல் வாரத்தில் இரண்டு தடவையாவது ஒரு மனிதக் கை அந்தப் புண்ணைத் தொட்டுப் பார்க்கவேண்டும். 2022 ஜனவரி 12இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு ஒரத்தூரில் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். இப்படிப்பட்ட மாவட்டக் கல்லூரி ஒவ்வொன்றிலும் அறுவைக்குப் பிந்தின கவனிப்புக்கென்று நர்சுகள் இருந்து, நம் எண்களை அவர்கள் பார்க்கவேண்டும். எண் கெட்டால் வண்டி கிளம்பவேண்டும். கருவியோடு போனும் கொடுக்கவேண்டும், அது அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கவேண்டும். படத்தை அவள் சம்மதமில்லாமல் எடுக்கவோ வைத்திருக்கவோ கூடாது. கேள்விகளை நம் தோலைத் தொட்டுப் பார்த்தவர்கள் எழுதவேண்டும். கூட இருப்பவருக்கு நாள் கூலி கொடுக்கவேண்டும். இதில் ஒன்றும் சந்திர மண்டலத்துக் கோரிக்கை இல்லை.

இதை எழுதுவதற்காகச் சின்னம்மாவிடம் மறுபடி எல்லாம் கேட்டேன். இடது கை வீங்கித் தடித்துக் கிடக்கிறது. நடவுக்குப் போவதில்லை. துணிப்பை இன்னும் ஆணியில் தொங்குகிறது, தெர்மாமீட்டர் உள்ளேயே இருக்கிறது. எழுத்தாளர்கள், மாணவர்கள், இயக்கத் தோழர்கள் எல்லாரும் படிக்கிற பத்திரிகை, அவர்களுக்கு என்ன சொல்லவேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் வீங்கின கையைத் தடவிக்கொண்டே இருந்துச்சு.

“அங்கேருந்து பாத்ததெல்லாம் போதும் தம்பி. யாராச்சும் வரச் சொல்லு.”